டேப் இருக்கு... டிரைவ் எங்கே?



செமஸ்டர், அரியர், இன்டர்வியூ என்று ஓடிக்கொண்டிருக்கும் உங்களிடம் இந்த வாரம் ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீட்டுப் பரண் மேல் ஒரு பழைய டிரங்க் பெட்டி இருக்கிறதா? அதைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?

கேள்விக்குக் காரணம், பெர்ன்ஹில்லில் இருந்து ஒரு தங்கை எழுதிய கடிதம். ஊட்டிக்கு டூர் போனவர்களுக்குத் தெரியும், மைசூர் மகாராஜாவின் கோடை அரண்மனை இருக்கிற இடம். அந்தத் தங்கை பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி. படுகர் குடும்பம். கடிதத்தில் இருந்து கொஞ்சம்:

"அண்ணா, எங்க அப்பா இறந்து நாலு வருஷம் ஆச்சு. போன மாசம் பீரோ மேல இருந்த பெட்டியை இறக்கினோம். உள்ளே ஒரு குட்டி கேசட். தீப்பெட்டியைவிடப் பெரிசு, பாட்டு கேசட்டைவிடச் சின்னது. மேலே அப்பா கையெழுத்துல 'பாட்டு, பழமொழி - 1998'னு எழுதியிருக்கு. டேப் ரிக்கார்டர்ல நுழையவே இல்லை. கடைக்காரர் 'இது பாட்டு கேசட் இல்லம்மா, கம்ப்யூட்டர் டேப். இதைப் போடுற மெஷினே இப்ப கிடையாது, தூக்கிப் போட்டுடு'ன்னு சொல்லிட்டார். போட மனசு வரலை அண்ணா."

அவருடைய அப்பா ஓர் அலுவலகத்தில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டி ஹட்டியாகப் போய், வயதானவர்கள் சொல்லும் படுக மொழிப் பாட்டுகளையும் பழமொழிகளையும் நோட்டில் எழுதி வருவாராம். படுக மொழிக்குப் பரவலாகப் புழங்கும் தனி எழுத்து கிடையாது. அதனால் தமிழ் எழுத்தில் எழுதி, வேலை நேரம் முடிந்த பிறகு அலுவலகக் கம்ப்யூட்டரில் டைப் செய்திருக்கிறார். அந்தக் கம்ப்யூட்டர் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. நோட்டுகளை ஒரு மழைக்காலம் தின்றுவிட்டது. பாடிக் காட்டியவர்களில் பலர் இப்போது இல்லை.

மிச்சம் இருப்பது அந்தக் குட்டி கேசட் மட்டும்!

'தூக்கிப் போட்டுடு' என்று சொன்ன கடைக்காரரைத் திட்டத் தோன்றுகிறதா? பாவம், அவர் சொன்னதில் பாதி உண்மை. டேப் செத்துப் போகவில்லை. அதைப் படிக்கிற மெஷின்தான் ஊரைவிட்டே போய்விட்டது.

அது என்ன டேப்?

பழைய இங்கிலீஷ் படங்களில் பீரோ சைஸ் மெஷினில் இரண்டு பெரிய சக்கரங்கள் விட்டு விட்டுச் சுற்றுமே, அதுதான் கம்ப்யூட்டர் டேப் டிரைவ். பிளாஸ்டிக் நாடா, அதன் மேல் காந்தப் பூச்சு, அதை உரசிப் போகிற ஒரு தலை. இவ்வளவுதான் சமாசாரம். 1951-ல் யூனிவாக், 1952-ல் ஐ.பி.எம். 726 என்று ஆரம்பித்தது. அரை இஞ்ச் அகலம், 2,400 அடி நீளமுள்ள ஒரு சக்கரத்தில் சுமார் 40 மெகாபைட் அடங்கும். உங்கள் மொபைலில் எடுத்த பத்து போட்டோ!

பிறகு டேப் சின்னதாகிக்கொண்டே வந்தது. சோனியும் எச்.பி.யும் சேர்ந்து 1989-ல் கொண்டுவந்தது டி.டி.எஸ். என்ற குட்டி கேசட். பாட்டுக்காக வந்த 'டாட்' கேசட்டின் தம்பி. 1990-களில் நம் ஊர் அலுவலகங்களில் சர்வர் வைத்திருந்த பலர் தினமும் சாயங்காலம் பேக்அப் எடுத்தது இதில்தான். பெர்ன்ஹில் கேசட்டும் இதே ரகம்.

டேப் ஒழிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2021-ல் வந்த எல்.டி.ஓ.-9 என்ற கேசட் ஒன்றில் 18 டெராபைட் போகும். பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூடங்கள் இன்றும் டேப்பைத்தான் நம்புகின்றன. சிக்கல் என்ன என்றால், புது டிரைவுக்குப் பழைய டேப்பை அடையாளமே தெரியாது!

நிலாவுக்குப் போன டேப்

பெர்ன்ஹில்லில் இருந்து சில கிலோமீட்டர் போனால் முத்தோரை. அங்கே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் ஒரு ரேடியோ டெலஸ்கோப் படுத்திருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970-ல் இயங்கத் தொடங்கியது. வானத்தில் தூரத்தில் இருக்கும் ஒரு ரேடியோ மூலத்தை நிலா மறைக்கும்போது சிக்னல் எப்படிக் குறைகிறது என்று பார்த்து, அந்த மூலத்தின் இடத்தையும் அளவையும் கணக்குப் போட்டார்கள். நிலா கடந்து போகும் அந்த நேரம் போனால் போனதுதான். 'ஒன்ஸ்மோர்' கேட்க முடியாது. பதிவு பத்திரமாக இருந்தால்தான் எல்லாமே.

அதே நிலாவைப் பற்றி இன்னொரு கதை. 1966, 67-ல் அமெரிக்கா ஐந்து லூனார் ஆர்பிட்டர்களை அனுப்பி நிலாவைப் படம் பிடித்தது. ஆளை இறக்க நல்ல இடம் தேடுவதற்காக! படங்கள் சிக்னலாக வந்து, ஆம்பெக்ஸ் எஃப்.ஆர்.-900 என்ற ராட்சத டிரைவில், இரண்டு இஞ்ச் அகல டேப்களில் பதிவாயின. வேலை முடிந்தது. டேப்கள் குடோனுக்குப் போயின.

நாசாவின் ஜே.பி.எல்.-லில் ஆவணங்களைப் பார்த்துக்கொண்டவர் நான்சி எவன்ஸ். 'இதெல்லாம் எதுக்கு?' என்ற பேச்சு வந்தபோது தூக்கிப் போட மறுத்தார். ஆனால் டிரைவ் இல்லாமல் டேப்பை வைத்து என்ன செய்வது? தேடினார். அரசாங்கம் வேண்டாம் என்று கழித்த எஃப்.ஆர்.-900 டிரைவ்களை வாங்கினார். ஒவ்வொன்றும் பீரோ சைஸ். அவற்றை வைத்தது எங்கே தெரியுமா? சொந்த வீட்டில்! நிதி கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தூசி படிந்து கிடந்தன.

டென்னிஸ் விங்கோ, கீத் கவிங் என்ற இருவர் இதைக் கேள்விப்பட்டு வந்தார்கள். 2008-ல் நாசா ஏம்ஸ் வளாகத்தில் மூடிக் கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் டிரைவ்களை இறக்கினார்கள். (பர்கர் போட்ட இடத்தில் நிலா!) ஒன்றின் பார்ட்ஸைக் கழற்றி இன்னொன்றில் போட்டு ஓட்டினார்கள். அந்த நவம்பரில் முதல் படம் வெளியானது. 1966 ஆகஸ்ட் 23-ல் நிலாவுக்கு மேலே பூமி எழும்பும் காட்சி. அந்தக் காலத்தில் உலகம் பார்த்ததைவிடப் பல மடங்கு தெளிவு!

இதற்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. அப்போலோ 11 இறங்கியபோது பதிவான மூல டேப்களை நாசா தேடியது. தரம் குறைந்த டி.வி. ஒளிபரப்பைத்தான் உலகம் பார்த்தது, மூலம் கிடைத்தால் தெளிவாகப் பார்க்கலாமே என்ற ஆசை. 2009-ல் முடிவைச் சொன்னார்கள்: டேப் தட்டுப்பாடு வந்த காலத்தில் அவற்றை அழித்து, மறுபடி உபயோகித்திருக்க வேண்டும்.

ஒரே நாசாதான். ஒன்று பிழைத்தது, ஒன்று போனது. பிழைத்ததற்குக் காரணம், யாருக்கும் வேண்டாத ஒரு மெஷினைத் தன் வீட்டில் வைத்துக்கொண்ட ஓர் அம்மா.

சரி, டிரைவை எங்கே தேடுறது?

முதலில் டேப்பின் ஜாதகத்தைப் பாருங்கள். டி.டி.எஸ். என்றால் கேசட் மேல் மீட்டர் கணக்கு இருக்கும். 90 மீட்டர் என்றால் முதல் தலைமுறை, 2 ஜி.பி. 120 என்றால் டி.டி.எஸ்.-2, 4 ஜி.பி. 125 என்றால் டி.டி.எஸ்.-3, 12 ஜி.பி. 150 என்றால் டி.டி.எஸ்.-4, 20 ஜி.பி. பெர்ன்ஹில் கேசட்டில் இருந்தது 120. அதற்கு டி.டி.எஸ்.-2, 3, 4 மூன்றில் எந்த டிரைவும் சரிப்படும். தலைமுறை தெரியாமல் கடைக்குப் போவது, பவர் தெரியாமல் கண்ணாடி வாங்கப் போவது மாதிரி.

அடுத்து இடம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்.பி. ரோடு, டில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் ரோடு. இந்த நாலு தெருவிலும் மாடிப்படி ஏறி, பழைய சர்வர் சர்வீஸ் செய்பவரைக் கேளுங்கள். கீழே பளபளவென்று இருக்கும் கடையில் கிடைக்காது! அரசு நிறுவனங்கள் கழித்த சாமான்களை எம்.எஸ்.டி.சி. என்ற பொதுத்துறை நிறுவனம் இணையத்தில் ஏலம் விடுகிறது. ஆனால் அதில் ஒரு டிரைவ் மட்டும் வராது, லாட்டாகத்தான் வரும்.

என்னைக் கேட்டால், முதலில் தேட வேண்டிய இடம் உங்கள் காலேஜ் ஸ்டோர் ரூம்! நிஜமாகத்தான். 1995-லிருந்து 2005 வரை சர்வர் வாங்கிய பல இடங்களில் அதன் வயிற்றுக்குள்ளேயே ஒரு டேப் டிரைவ் இருக்கும். யாரும் கழற்றியிருக்க மாட்டார்கள்.

ஆனால் சீக்கிரம் போங்கள். மின்கழிவு விதிகள் கடுமையாகி வருகின்றன. 2022-ல் வந்து 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பெரிய நிறுவனங்கள் பழைய கம்ப்யூட்டர்களைப் பதிவு பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். நல்ல சட்டம், ஊருக்கு நல்லது. ஆனால் அந்த லாரியில் ஏறினால், டிரைவும் சேர்ந்து தூளாகத்தான் போகும்.

நீலகிரி ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தில் செய்த நீராவி எஞ்சின்களுக்கு வயதானபோது, திருச்சி பொன்மலைப் பணிமனை அதே மாதிரி புது எஞ்சினே செய்து கொடுத்தது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ரயிலாச்சே! பழைய டேப் டிரைவுக்கு அப்படி ஒரு பொன்மலை கிடையாது. இருக்கிறது இருக்கிறதுதான்.

வாங்கும்போது ஏமாறாதீங்க!

* விற்கிறவர் 'ஒர்க்கிங் கண்டிஷன்' என்றால், 'ஓட்டிக் காட்டுங்க' என்று கேளுங்கள். லைட் எரிவது ஒர்க்கிங் இல்லை. கேசட் உள்ளே போய், சுற்றி, முழுசாக வெளியே வர வேண்டும்.

* அந்த டிரைவ் தானே எழுதியதைத் தானே படிப்பது பெரிய விஷயமில்லை. தலை கொஞ்சம் விலகியிருந்தாலும் படித்துவிடும். வேறு டிரைவில் எழுதிய டேப்பைப் படித்துக் காட்டினால்தான் நம்பலாம்.

* பின்பக்கம் பாருங்கள். பெரும்பாலானவை ஸ்கஸி இணைப்பு. 50 பின்னா, 68 பின்னா? கேபிள், டெர்மினேட்டர், கம்ப்யூட்டரில் போடும் கார்டு மூன்றும் சேர்த்துப் பேரம் பேசுங்கள். பிறகு தனியாகத் தேடி அலைய வேண்டாம். ஸ்கஸியில் எச்.வி.டி. என்று ஒரு ரகம் உண்டு. அதைச் சாதாரணக் கார்டில் மாட்டினால் புகை வரலாம், ஜாக்கிரதை!

* உங்களிடம் இருப்பது கையகல கியூ.ஐ.சி. கேசட் என்றால், டிரைவின் ரப்பர் உருளையை விரலால் தொட்டுப் பாருங்கள். பல டிரைவ்களில் அது உருகி அல்வா மாதிரி ஆகியிருக்கும். அப்படியே போட்டால் டேப் முழுக்கப் பிசின்தான்.

* கடைசி, ஆனால் ரொம்ப முக்கியம். உயிர் டேப்பை முதலில் போடவே போடாதீர்கள். முதலில் ஒரு தண்டச் சோறு டேப்பைப் போட்டுப் பாருங்கள்.

பெர்ன்ஹில் தேடல்

நம் தங்கை கோவையில் ஒருவரிடம் 1,500 ரூபாய் கொடுத்து முதல் டிரைவை வாங்கினார். கல்லூரி மெஸ் பில்லில் மிச்சம் பிடித்த காசு. 'சூப்பர் கண்டிஷன்மா' என்றாராம். டெஸ்ட் டேப்பைப் போட்டதும் டிரைவ் அதை விழுங்கியது. வெளியே வரும்போது சேமியா!

அன்று ராத்திரி போன் வந்தது. அழுகையா, சிரிப்பா என்று தெரியாத குரல். "அப்பா டேப்பைத்தான் முதல்ல கையில எடுத்தேன் அண்ணா. நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. கீழே வெச்சுட்டேன்." எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை.

இரண்டாவது டிரைவ் கிடைத்தது அவருடைய தோழி படிக்கிற ஒரு காலேஜின் ஸ்டோர் ரூமில். துறைத் தலைவரிடம் கடிதம் எழுதிக் கேட்டு, லேப் அண்ணன் ஒருவர் டார்ச் அடித்துத் தேட, பூட்டியே கிடந்த சர்வருக்குள் டி.டி.எஸ்.-3 டிரைவ். கழிவுச் சாமான்களை ஏற்ற வண்டி வருவதற்கு ஐந்து நாள்தான் பாக்கி. டிரைவுக்குள் ஒரு டேப்பும் இருந்தது. மேலே பரீட்சை மார்க் என்று எழுதியிருந்ததாம். போட்டுப் பார்க்காமல் துறைத் தலைவரிடமே ஒப்படைத்துவிட்டார். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். பழைய டிரைவ் வாங்கும்போது அடுத்தவர் ரகசியமும் இலவச இணைப்பாக வரலாம். அது நம்முடையது இல்லை.

டிரைவை கோவையிலேயே வைத்துப் படிக்கலாம் என்று முடிவானது. இங்கே ஒரு மலைவாசி டிப்ஸ்! ஊட்டி 2,240 மீட்டர் உயரம், குளிர். கோவை கீழே, வெக்கை. குளிர்ந்த டேப்பை வெக்கையில் சட்டென்று திறந்தால், ஐஸ் வாட்டர் டம்ளர் மாதிரி வியர்க்கும். ஈரத்தோடு டிரைவில் போட்டால் நாடா தலையில் ஒட்டிக்கொள்ளும். எனவே காற்றுப் புகாத கவரில் போட்டுக் கொண்டுபோய், ஒரு நாள் அப்படியே வைத்துவிட்டுப் பிறகு திறந்தார்கள்.

பிறகு வரிசையாக: கேசட்டில் எழுத முடியாதபடி அந்தக் குட்டித் தாழ்ப்பாளைத் தள்ளினார்கள். கிளீனிங் கேசட்டால் டிரைவின் தலையைத் துடைத்தார்கள். டெஸ்ட் டேப் ஓட்டினார்கள். அப்புறம்தான் அப்பாவின் டேப். லினக்ஸில் 'டிடி' என்ற கட்டளையால், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமல், முதலில் முழுசாக அப்படியே நகல் எடுத்தார்கள். பழைய டேப்பை இரண்டாம் தடவை ஓட்ட வாய்ப்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது. முதல் ஓட்டத்திலேயே அள்ளிக்கொள்ள வேண்டும். நடுவில் ஓர் இடத்தில் டிரைவ் திக்கித் திணறியது. அந்தத் துண்டு மட்டும் போனது. மற்றதெல்லாம் வந்துவிட்டது!

வந்தது... ஆனா புரியலை!

பைலைத் திறந்தால் தமிழ் இல்லை. ஒரே கோழிக் கிறுக்கல். ஏன்? 1998-ல் தமிழ் டைப் செய்தவர்களுக்கு இது தெரியும். ஒவ்வொரு கம்பெனி பாண்ட்டுக்கும் ஒவ்வொரு குறியீடு. ஒன்றில் 'அ' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் வேறு ஏதோ இருக்கும். 1999-ல்தான் தமிழக அரசு டேப், டாம் என்று குறியீட்டுத் தரம் கொண்டுவந்தது. (இந்த 'டேப்' வேற டேப்!) 2010-ல் யூனிகோடை ஏற்றது. அதற்கு முன் டைப் செய்தது என்றால், அதே பாண்ட் இருந்தால்தான் படிக்க முடியும்.

டேப்புக்கு டிரைவ் மாதிரி, எழுத்துக்கு பாண்ட்!

ஆனால் அந்த அப்பா பேக்அப் எடுத்தபோது டாக்குமென்ட்டை மட்டும் எடுக்கவில்லை. மொத்த கம்ப்யூட்டரையும் எடுத்திருந்தார். விண்டோஸ் போல்டருக்குள், பாண்ட்ஸ் போல்டருக்குள், அந்த பாண்ட் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதைப் போட்டதும் கிறுக்கலெல்லாம் எழுத்தாக மாறியது. இப்போது தங்கை ஒவ்வொரு பக்கமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்.

முதல் பிரின்ட் அவுட்டை வீட்டில் சத்தமாக வாசித்தாராம். கட்டிலில் படுத்திருந்த ஹெத்தெ (படுக மொழியில் பாட்டி) எழுந்து உட்கார்ந்து, "அது அப்படி இல்லே, உங்கப்பன் தப்பா எழுதியிருக்கான்" என்று ஒரு சொல்லைத் திருத்தினாராம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கழித்து மகனுடைய நோட்டில் அம்மா போட்ட திருத்தம்! அதையும் ஓரத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறார் தங்கை. டேப்பில் போன அந்தத் துண்டு? "ஹெத்தெகிட்ட கேட்டு எழுதறேன் அண்ணா, அவங்களுக்குப் பாதி ஞாபகம் இருக்கு" என்கிறார்.

ப்ரெண்ட்ஸ், சேமித்து வைப்பது மட்டும் போதாது. அதைப் படிக்கிற வழியையும் சேர்த்து வைக்க வேண்டும். உங்கள் மொபைலில், பென் டிரைவில், மறந்துபோன பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் ஒரு நாள் இதே பெர்ன்ஹில் கேசட்தான். முக்கியமானதை இரண்டு இடத்தில் வையுங்கள். சில வருஷத்துக்கு ஒருமுறை புது இடத்துக்கு மாற்றுங்கள். முடிந்தால் பேப்பரிலும் ஒரு பிரதி.

அந்த டி.டி.எஸ்.-3 டிரைவ் இப்போது எங்கே என்று கேட்கிறீர்களா? துறைத் தலைவர் அதைக் கழிவுப் பட்டியலில் இருந்து எடுத்து, லேப் அலமாரியில் வைத்துவிட்டார். கேபிள், கார்டு எல்லாம் ஒரே கவரில். மேலே தங்கை கையெழுத்தில் ஒரு சீட்டு: 'ஓடும். தூக்கிப் போடாதீங்க.'

இந்த ஞாயிற்றுக்கிழமை பரண் மேல் ஏறுங்கள். அப்படியே உங்கள் காலேஜ் ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் விசாரித்து வையுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாமா?